அதிகம் எழுதுகிறவர்தான் குழுவுக்கு உயிரா?

இணையக் குழுக்களை மட்டுறுத்துவதும் (பதிவுகளைக் கவனித்து ஒழுங்குபடுத்துவதும்), அவற்றை நடத்துகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் என் தொழில். இந்தத் தொழிலில் ஓயாமல் வருகிற கேள்வி ஒன்று உண்டு: "உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் இருக்காங்க, ஆனா யாருமே பேசமாட்டேங்கிறாங்க. என்ன செய்யலாம்?" கடைசி ஒரு மாதத்துப் பதிவுகளைக் காட்டச் சொல்வேன். பாதிக்கு மேல் இரண்டு மூன்று பெயர்களே திரும்பத் திரும்ப வரும். அதைச் சுட்டிக்காட்டினால், "ஐயோ, அவரை ஒண்ணும் சொல்லிடாதீங்க, அவராலதான் குழுவே உயிரோட இருக்கு" என்பார்கள். சென்ற வாரமும் அதே பதில்தான். இந்த முறை பொறுக்க முடியவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

நாள்பட்ட நோய் ஒன்றுக்கு மருந்து எடுப்பவர்களின் குழு அது. புதிதாகச் சேர்ந்த ஒருவர், மாத்திரை பெரிதாக இருக்கிறது, விழுங்க முடியவில்லை, பாதியாக உடைத்துச் சாப்பிடலாமா என்று கேட்டிருந்தார். ஒரு நிமிடத்துக்குள் பதில்: "தாராளமா உடைக்கலாம், நான் அப்படித்தான் சாப்பிடுறேன்." எழுதியவர் அந்தக் குழுவில் எந்நேரமும் இருப்பவர். கேட்டவருடையதோ மருந்தை மெல்ல மெல்ல வெளிவிடும் வகை மாத்திரை. அந்த வகையில் பலவற்றை உடைத்தாலோ நசுக்கினாலோ, மணிக்கணக்கில் சிறிது சிறிதாகச் சேரவேண்டிய மருந்து ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும்.

அதே குழுவில் ஒரு செவிலியர் இருக்கிறார். அந்தப் பதிலை அவரும் பார்த்திருக்கிறார். ஏன் திருத்தவில்லை என்று கேட்டேன். "முன்னாடி ரெண்டு தடவை திருத்தினேன் மேடம். ரெண்டு தடவையும் வரிசையா பதில் மேல பதில் போட்டு என்னை ஓட வச்சிட்டார். டியூட்டி முடிஞ்சு வந்து அவரோட மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்லை" என்றார். நல்ல வேளையாகப் புதியவர் மருந்தாளுநரிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார். தப்பித்தார்.

அதிகம் எழுதுகிற எல்லோரையும் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். எந்த இணையக் குழுவிலும் சிலர் நிறைய எழுதுவார்கள், பலர் படித்துவிட்டுப் போவார்கள். பயனர் அனுபவ ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006-ல் இதை 90-9-1 என்று சுருக்கிச் சொன்னார்: 90 விழுக்காட்டினர் படிக்க மட்டும் செய்வார்கள், 9 விழுக்காட்டினர் எப்போதாவது எழுதுவார்கள், மீதி 1 விழுக்காட்டினரே பெரும்பகுதியை எழுதுவார்கள். குழுவுக்குக் குழு எண்கள் மாறலாம். போக்கு இதுதான். ஆகவே ஒருவர் நிறைய எழுதுகிறார் என்பது மட்டும் நோய்க்குறி ஆகாது. பழைய பதில்களைத் தேடி எடுத்துக் கொடுப்பவர், நள்ளிரவில் பதறிப்போய் எழுதுகிறவருக்கு "இருக்கேன், சொல்லுங்க" என்று துணை நிற்பவர், குப்பை விளம்பரங்களை அகற்றுபவர் எல்லோரும் அந்தச் சிலருக்குள்தான் இருக்கிறார்கள். அவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

எனக்குக் கோபம் வருவது வேறு விஷயத்தில். பதிவுகளின் எண்ணிக்கைதான் குழுவின் நலம் என்று அட்மின்கள் நம்புகிறார்களே, அதில்தான். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

2006 வாக்கில் விக்கிப்பீடியாவின் நிறுவனர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸ் தன் உரைகளில் ஒரு கணக்குச் சொல்லிவந்தார். மொத்தத் திருத்தங்களில் பாதிக்கு மேல், பயனர்களில் வெறும் 0.7 விழுக்காட்டினர் செய்தவை. ஆள் கணக்கில் 524 பேர். கேட்டவர்கள், சரி, இந்தச் சிலர்தான் கலைக்களஞ்சியத்தையே எழுதுகிறார்கள் என்று முடிவுகட்டினார்கள். கணினி நிரலாளர் ஆரன் சுவார்ட்ஸ் அதை அப்படியே ஏற்கவில்லை. சில கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, யார் எத்தனை முறை திருத்தினார்கள் என்பதை விட்டுவிட்டு, இன்று நிற்கும் வாசகத்தில் யார் எவ்வளவு சேர்த்தார்கள் என்று பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. உள்ளடக்கத்தின் பெரும்பகுதியை எப்போதோ வந்து எழுதிவிட்டுப் போனவர்கள் சேர்த்திருந்தார்கள். அவர்களில் பலருக்குப் பயனர் கணக்குகூட இல்லை. அடிக்கடி வருகிறவர்கள் அதை ஒழுங்குபடுத்தி, வடிவம் கொடுத்து, பிழை நீக்கியிருந்தார்கள். அதுவும் அரிய வேலைதான். ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால், ஒருமுறை வந்து தனக்குத் தெரிந்ததை எழுதிவிட்டுப் போன அந்த மனிதர் கண்ணிலேயே பட்டிருக்க மாட்டார்.

உங்கள் குழுவிலும் இதேதான் நடக்கிறது. தினமும் நாற்பது பதிவு போடுகிறவர் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு பதில் எழுதி, ஒரு கேள்விக்கு நிரந்தரமாக விடை தந்துவிட்டுப் போகிறவர் தெரிவதில்லை. நாற்பது பதிவுக்கு "டாப் மெம்பர்" பட்டம் வேறு கொடுத்துவிடுகிறீர்கள். புதிதாக வருகிறவர் அந்தப் பட்டத்தைப் பார்த்து, இவர் விஷயம் தெரிந்தவர் என்று நம்பிவிடுகிறார். அதிகம் எழுதினார் என்பதற்காகக் கொடுத்த பட்டம், அதிகம் தெரிந்தவர் என்ற சான்றிதழாக மாறுகிறது. அந்த மாத்திரைப் பதிலுக்கு மேலேயும் அப்படி ஒரு பட்டம் இருந்தது.

கெடுதல் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் சண்டையில் தொடங்குவதில்லை. கேள்வி விழுந்த உடனே பதில் விழுகிறது. யோசித்து எழுதுகிறவர் வந்து பார்க்கும்போது, பதில் சொல்லியாயிற்றே என்று நகர்ந்துவிடுகிறார். நான்கு முறை இப்படி நடந்தால் ஐந்தாம் முறை அவர் வந்து பார்ப்பதே இல்லை. இன்னொரு பக்கம் நோட்டிஃபிகேஷன் தொல்லை தாங்காமல் ஆட்கள் குழுவை மியூட் செய்கிறார்கள். மியூட் செய்தவர் வெளியேறுவதில்லை. அதனால் உறுப்பினர் எண்ணிக்கை குறையாமல் அப்படியே இருக்கிறது, அட்மின் நிம்மதியாகத் தூங்குகிறார். புதியவர் ஒருவர் கேட்கிறார், "இது ஏற்கெனவே பேசியாச்சு, தேடிப் பாருங்க" என்று சுருக்கென்று பதில் வருகிறது. அவர் அடுத்த கேள்வியைக் கேட்கவே மாட்டார்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடர்ந்து பங்களிப்பவர்களின் எண்ணிக்கை 2007-ல் உச்சம் தொட்டுப் பிறகு சரிந்தது. ஆரன் ஹால்ஃபேக்கரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2013-ல் வெளியிட்ட ஆய்வில் இதற்கான காரணங்களை ஆராய்ந்தார்கள். புதியவர்கள் நல்லெண்ணத்தோடு செய்த திருத்தங்கள்கூட உடனுக்குடன் நீக்கப்பட்டதும், அவர்கள் திரும்பி வராமல் போனதும் அவற்றில் முக்கியமானவை. நீக்கியவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. தரத்தைக் காக்க இரவு பகலாக உழைத்தவர்கள். நல்ல மனசோடும் ஒரு குழுவின் வாசலை அடைத்துவிட முடியும் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

நிறைய எழுதுகிற நண்பர்களே, உங்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் தனிமையில், வலியில், தூக்கம் வராத இரவுகளில் அந்தக் குழுவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதைப் பிடுங்கச் சொல்லவில்லை. ஒரு கேள்வியைப் பார்த்தால் கொஞ்ச நேரம் பொறுங்கள், அவசர உதவி கேட்டிருந்தாலொழிய. வேறு யாராவது எழுதட்டும். உங்களுக்கு விடை தெரியும். அதே விடை தெரிந்த இன்னொருவருக்கு அன்றைக்கு முதல்முறையாக வாய் திறக்க ஒரு வாய்ப்பு கிடைக்கட்டும். ஒருவர் உங்களைத் திருத்தினால் "சரி, நன்றி" என்று ஒரு வரி எழுதி அங்கேயே நிறுத்துங்கள். உடம்பு முடியாமல் இரண்டு வாரம் வராமல் போனால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். எல்லாக் கேள்விகளும் உங்களை நோக்கியே வருகிற குழு, நீங்கள் ஓய்வெடுக்க விடாது.

அட்மின்களே, இனி உங்களுக்கு. பதிவு எண்ணிக்கைக்குப் பட்டம் கொடுப்பதை இன்றே நிறுத்துங்கள். ஒருவரைப் பற்றிப் பொதுவில் குத்திக்காட்டிப் பதிவு போடாதீர்கள், தனியாகப் பேசுங்கள். "குறைச்சுக்கோங்க" என்று மட்டும் சொன்னால் அவமானமாகப் போகும். கையில் ஒரு பொறுப்பைக் கொடுங்கள். புதியவர்களை வரவேற்பது, நல்ல பதில்களைத் தொகுப்பது, கேள்வியை விவரம் தெரிந்தவரிடம் கொண்டுசேர்ப்பது என்று வேலை எவ்வளவோ கிடக்கிறது. டெலிகிராமில் 2019 முதல் ஸ்லோ மோட் இருக்கிறது, ஒருவர் அடுத்தடுத்து எழுதுவதற்கு நடுவே இடைவெளி வைக்கலாம். அதை எல்லோருக்கும் பொதுவாக வையுங்கள், ஒருவரைக் குறிவைக்காதீர்கள். விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் பிறர் திருத்தங்களை மூன்று முறைக்கு மேல் நீக்கிப் பழையபடி ஆக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. எத்தனை காலம் உழைத்த பயனருக்கும் அது பொருந்தும். அப்படி ஒரு விதியை முன்கூட்டியே எழுதிவைத்தால் ஆளைப் பார்த்து நடவடிக்கை எடுத்தீர்கள் என்ற பேச்சு வராது. மருந்து, சட்டம், பணம் பற்றிய குழுக்களில் சொந்த அனுபவத்தைச் சொல்லலாம், "நீங்களும் செய்யுங்கள்" என்று சொல்லக் கூடாது. மீறிய பதிவை, எழுதியவர் யாராக இருந்தாலும், நீக்குங்கள்.

எல்லா உரையாடலிலும் முதல் ஆளாக நிற்பது நீங்களேதானா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பல குழுக்களில் நான் கண்ட "அதிகம் எழுதுகிறவர்" அட்மின்தான்.

மொத்தப் பதிவுகளை எண்ணுவதை விடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை, அந்த மாதம் முதன்முதலாக எழுதியவர்களின் பட்டியலை எடுங்கள். அவர்களுக்கு யார் பதில் சொன்னார்கள், அந்தப் பதிலுக்குப் பிறகு வேறு யாராவது பேசினார்களா, அவர்களில் எத்தனை பேர் இரண்டாவது முறை எழுத வந்தார்கள் என்று பாருங்கள். வராதவர்களுக்குத் தனியாக ஒரு வரி எழுதி, ஏன் வரவில்லை என்று கேளுங்கள்.