கப்பல் பட்டியலில் முன்னோரைத் தேடுவோர் கவனத்துக்கு

தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பத்தினர் முன்னோரின் ஊரைக் கண்டறிய உதவும்படி கேட்டு வரும்போது, பெரும்பாலும் அவர்கள் கையில் ஒரு குடும்பப்பெயர் மட்டுமே இருக்கிறது. அந்தப் பெயரை, அக்காலத்தில் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியோரின் விவரங்களைப் பதிந்த கப்பல் பட்டியலில் தேடி, முதலில் அகப்பட்டவரையே கொள்ளுத்தாத்தா என்று முடிவு செய்து, அவருடைய ஊருக்கே வந்து உறவு விசாரித்தவர்களும் உண்டு.

சென்னையிலிருந்து சென்ற ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது முதல், ஒப்பந்தத்தில் ஆளனுப்பும் ஏற்பாடு 1911இல் நிறுத்தப்படும் வரை, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் அமைந்துள்ள நேட்டால் பகுதிக்குச் சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறியவர்கள். தகப்பன் பெயரை முன்னெழுத்தாக மட்டுமே வைத்துக்கொள்ளும் நம் வழக்கத்துக்கு அங்கே இடமில்லாமல் போகவே, கப்பலேறியவரின் சொந்தப் பெயரோ, அவர் தகப்பன் பெயரோ, சாதிப் பட்டமோ பின்வந்த தலைமுறைகளுக்குக் குடும்பப்பெயராக நிலைத்துவிட்டது. ஆகவே இன்று முனுசாமி என்ற குடும்பப்பெயர் கொண்டவர், பட்டியலில் முனுசாமி என்ற ஆளையும் தேட வேண்டும், முனுசாமியின் மகனையும் தேட வேண்டும். அப்பெயரையோ அயல்மொழிக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதி வைத்திருப்பார்.

பட்டியலின் ஒரு வரியில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உயரம் ஆகியவற்றோடு, நெற்றித் தழும்பு, மார்பில் மச்சம் என்பன போன்ற அங்க அடையாளமும் இருக்கும். வயதை நான் பெரிதாக நம்புவதில்லை. அது பெரும்பாலும் பார்வை மதிப்பீடுதான். நம்பத்தக்கது அந்த எண். குடியேறிய ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தரப்பட்ட அவ்வெண், ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்த பின்னரும் திருமணப் பதிவு, மரணப் பதிவு, சொத்து ஆவணம் என்று பலவற்றில் பெயரை ஒட்டியே வருகிறது. எனவே வீட்டிலுள்ள பழைய காகிதங்களிலிருந்து முதலில் எண்ணைக் கண்டெடுத்து, அதைக் கொண்டு பட்டியலுக்குப் போவதே முறை.

ஊர் தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. வட ஆற்காடு ஜில்லா என்று எழுதியிருந்தால், அவ்வூர் இன்றைய வேலூர், இராணிப்பேட்டை, திருவண்ணாமலை ஆகிய மாவட்டங்களில் மட்டுமன்றி, 1911இல் பிரிந்து உருவான சித்தூரிலும் இருக்கலாம். அந்தச் சித்தூரோடு போயிருந்த திருத்தணிப் பகுதியோ 1960இல்தான் ஆந்திரத்திலிருந்து மீண்டும் தமிழகத்துக்கு வந்தது. இவ்வளவையும் கடந்து ஊருக்கே வந்து சேர்ந்தாலும், கப்பலேறியவர்களுள் கணிசமானோர் நிலமற்றவர்கள் என்பதால், பட்டா, செட்டில்மெண்ட் (நிலவரித் திட்ட) பதிவேடுகளில் அவர்கள் பெயர் இல்லாததைக் கொண்டு அவர்கள் அவ்வூரார் அல்லர் என்று தீர்மானிக்க முடியாது.

இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணி (ஆள் சேர்த்துக் கூட்டிச் செல்லும் மேஸ்திரி) மூலம் சென்றவர்களின் வாரிசுகளுக்கு இந்த வழி பெரிதும் உதவாது. நேட்டாலுக்குச் சென்றவர்களைப் போல ஒப்பந்த எண்ணோடு ஆள்வாரியாக அவர்கள் பதியப்படாததால், தோட்டத்துப் பிறப்பு, இறப்புப் பதிவுகளிலிருந்தே அவர்கள் தொடங்க வேண்டியிருக்கிறது.