புஷ்பேக்: விமானம் பின்வாங்கும் அந்தச் சில நிமிடங்கள்

நிறுத்துமிடத்திலிருந்து விமானம் பின்னோக்கிக் கிளம்பும்போது அதை நகர்த்துவது அதன் எஞ்சின் அல்ல, முன்சக்கரத்தோடு பூட்டப்பட்ட இழுவை வண்டி. எஞ்சின் வெளியேற்றும் காற்றை முன்னோக்கித் திருப்பி, எஞ்சினைக் கொண்டே பின்னால் போகவும் முடியும். வாலருகே உயரத்தில் எஞ்சின் வைத்த டிசி-9, எம்டி-80 வகை விமானங்களை 1980களில் அமெரிக்க நிறுவனங்கள் சில அப்படி எடுத்திருக்கின்றன. ஆனால் ஏ320, போயிங் 737 போன்றவற்றின் எஞ்சின்கள் இறக்கைக்குக் கீழே, தரையை ஒட்டித் தொங்குகின்றன. காற்றை முன்னோக்கித் திருப்பினால் தரையில் கிடக்கும் கல்லும் தூசியும் கிளம்பி எஞ்சினுக்குள்ளேயே போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, விமானிக்குப் பின்புறம் தெரியாது.

பின்புறம் மட்டுமல்ல, மூக்குக்கு நேர் கீழே நிற்பவரையும் அவரால் பார்க்க முடியாது. ஏ320 ஏறக்குறைய 37.5 மீட்டர் நீளம். அவ்வளவு பெரிய உடலை, பக்கத்து விமானத்தின் இறக்கையில் உரசாமல் பின்னுக்குத் தள்ளித் திருப்ப வேண்டும். கட்டுப்பாட்டுக் கோபுரம் அனுமதி தருமே தவிர, இறக்கை நுனிக்கும் பக்கத்தில் நிற்கும் ஏணி வண்டிக்கும் உள்ள இடைவெளியை அங்கிருந்து அளந்து சொல்ல முடியாது. அந்தப் பொறுப்பு தரையில் நிற்பவர்களுடையது. இறக்கை நுனிகளருகே நடந்துவரும் பணியாளர்கள், இழுவை வண்டி ஓட்டுநர், இவர்களுக்கும் விமானிக்கும் நடுவே ஹெட்செட் அணிந்த ஒருவர்.

ஹெட்செட்டின் கம்பி விமானத்தின் மூக்கருகே உள்ள துளையில் செருகப்பட்டிருக்கும். எஞ்சின் இரைச்சலில் வேறு எந்தக் குரலும் கேட்காது. 'பிரேக்கை விடுங்கள்' என்கிறார் தரையில் நிற்பவர். 'பிரேக் விடப்பட்டது' என்று விமானி திருப்பிச் சொன்ன பிறகே வண்டி அசையும். வெறும் 'சரி' இங்கே போதாது. பிரேக் பிடித்திருக்கும்போது வண்டி தள்ளினாலோ, நகரும்போது விமானி பிரேக்கை மிதித்தாலோ, பல டன் எடையின் முழு அதிர்ச்சியும் முன்சக்கரக் காலிலும், அதை வண்டியோடு இணைக்கும் இழுவைத் தண்டிலும் இறங்கும். அதற்காகவே தண்டில் ஒரு பலவீனமான ஊசி வைத்திருக்கிறார்கள். விசை அளவுக்கு மீறினால் அது முதலில் முறியும், விமானத்தின் கால் தப்பும்.

இன்னொரு ஊசி இதைவிட முக்கியமானது. அதன் பெயர் பைபாஸ் பின். முன்சக்கரத்தைத் திருப்புவது ஹைட்ராலிக் அழுத்தம். தள்ளும்போது அந்த அழுத்தம் உயிரோடு இருந்தால், வண்டி ஒரு பக்கம் திருப்ப, சக்கரம் இன்னொரு பக்கம் முறுக்கும். தண்டு சாட்டைபோல் வீசி, பக்கத்தில் நிற்பவரின் காலை முறித்துவிடக்கூடும். முன்சக்கரக் காலில் இந்தப் பின்னைச் செருகினால் திசைதிருப்பும் அமைப்பு துண்டிக்கப்பட்டு, சக்கரம் வண்டியின் போக்குக்கு விட்டுக்கொடுக்கும். பின்னின் முனையில் நீளமான சிவப்புத் துணிப்பட்டை தொங்கும்.

பெரும்பாலும் தள்ளிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின்கள் இயக்கப்படுகின்றன. விமானத்தின் மேலும் கீழும் சிவப்பு விளக்கு மின்னத் தொடங்கினால், வேலை இல்லாதவர்கள் நெருங்கக் கூடாது. எஞ்சின் முன்னாலிருந்து மட்டுமல்ல, பக்கவாட்டிலிருந்தும் காற்றை உறிஞ்சுகிறது. போயிங் 737-800 வகையில், குறைந்தபட்ச வேகத்தில் சுழலும்போதே எஞ்சினைச் சுற்றி ஏறத்தாழ 3 மீட்டர் தூரம்வரை மரண எல்லை. வேகம் கூடினால் அது 4 மீட்டரைத் தாண்டும். கண்ணுக்குத் தெரியாத எல்லை என்பதுதான் இதன் கொடுமை.

தள்ளி முடிந்ததும் பார்க்கிங் பிரேக் போடப்படுகிறது. தண்டு கழற்றப்படுகிறது, பைபாஸ் பின் உருவப்படுகிறது, கடைசியாக ஹெட்செட் கம்பி பிடுங்கப்படுகிறது. புஷ்பேக்கின் மிக ஆபத்தான கட்டம் இதுதான் என்பேன். அந்த நொடியோடு குரல் தொடர்பு அறுந்துபோகிறது. ஆட்களோ இன்னும் விமானத்தின் அருகிலேயே இருக்கிறார்கள். எஞ்சின்கள் ஓடுகின்றன, முன்சக்கரத் திருப்பம் மறுபடி விமானியின் கையில் வந்துவிட்டது. இனி கண்ணால் மட்டுமே பேச முடியும். ஹெட்செட் பணியாளர் விமானிக்குத் தெரியும் தூரத்துக்கு நடந்துபோய், பின்னைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, கட்டைவிரலை உயர்த்துகிறார். விமானியும் பதிலுக்குக் கட்டைவிரலைக் காட்ட வேண்டும். அந்தப் பட்டை ஒரே நேரத்தில் இரண்டு செய்திகளைச் சொல்கிறது: சக்கரம் இனி உங்கள் பொறுப்பு, நாங்கள் விலகிவிட்டோம்.

2015 டிசம்பர் 16 அன்று இரவு மும்பையில் அறுந்தது இந்தக் கண்ணிதான். ஐதராபாத்துக்குப் புறப்பட்ட ஏர் இந்தியாவின் ஏ319 விமானம், புஷ்பேக் முடிந்தபின் தரைக்குழு விலகுவதற்கு முன்பே நகரத் தொடங்கியது. தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர் எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். இயந்திரக் கோளாறு தேவைப்படவில்லை. ஆட்கள் விலகிவிட்டார்கள் என்ற அனுமானம் ஒன்றே போதுமானதாக இருந்தது.

இப்போது கம்பியில்லா ஹெட்செட்கள் வந்திருக்கின்றன. சக்கரத்தருகே கட்டுண்டு நிற்காமல், எட்ட நின்று பேச அவை உதவுகின்றன, இறக்கைப் பக்கம் நடப்பவரையும் உரையாடலில் சேர்க்கின்றன. பாதுகாப்புக் கருவி என்ற முறையில் இவை எல்லா நிறுத்துமிடங்களுக்கும் வரவேண்டும். ஆனால் கருவியைவிட நேரம் பெரிய சிக்கல். குறைந்த கட்டண விமானங்கள் வந்திறங்கி அரை மணி நேரத்துக்குள் திரும்பப் பறக்க வேண்டியிருக்கிறது. அதற்குள் ஏற்படும் தாமதம் அத்தனையும் கடைசியில் இந்தக் குழுவின் தலையில்தான் விழுகிறது. இறக்கை நுனிக்கு ஆள் வராவிட்டால், மழையில் கைச்சைகை தெரியாவிட்டால், 'நிறுத்து' என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு. அதைப் பயன்படுத்தியவரிடம் தாமதத்துக்கு விளக்கம் கேட்காமலிருப்பது நிர்வாகத்தின் வேலை.