முள்ளம்பன்றி பன்றியில்லை, முள்ளெலி எலியில்லை

முள்ளம்பன்றியின் ஆங்கிலப் பெயரான 'போர்க்கியுபைன்' ஒரே சொல்போலத் தோன்றினாலும், உள்ளே இரண்டு லத்தீன் சொற்கள் ஒளிந்திருக்கின்றன: 'போர்க்குஸ்' என்றால் பன்றி, 'ஸ்பீனா' என்றால் முள். பழைய பிரெஞ்சில் 'போர்க் எஸ்பின்' ஆகி ஆங்கிலத்துக்குள் வந்தது. நம் முள்ளம்பன்றியும் அதே இணைதான், வரிசை மட்டும் தலைகீழ்.

அந்த வரிசைதான் வம்பு செய்தது. தமிழைப் போலவே ஆங்கிலத்திலும் தொகைச்சொல்லின் முதன்மைப் பெயர் கடைசியில் நிற்கும். பெயரின்படி முள்ளம்பன்றி ஒருவகைப் பன்றி, மாமரம் ஒருவகை மரம். பிரெஞ்சிலோ பன்றி முன்னால், முள் பின்னால். ஆங்கிலேயர் காதுக்குப் பின்பாதி பொருளற்ற ஒலியாகிவிட்டது. பிடிமானம் இல்லாத ஒலி எப்படியும் திரியும்: ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில் இதே விலங்கு 'போர்ப்பென்டைன்'.

தமிழில் அந்தச் சிக்கல் இல்லை. முள்ளும் பன்றியும் நேராகச் சேர்ந்திருந்தால் 'முட்பன்றி' ஆகியிருக்கும். இடையில் 'அம்' சாரியை வந்ததால் இரண்டும் சிதையாமல் நிற்கின்றன. சங்கப் பாடல்களில் இதற்கு முளவுமா என்று பெயர். அதில் பன்றியே கிடையாது.

முள்ளெலிக்கு ஆங்கிலத்தில் 'ஹெட்ஜ்ஹாக்', 15ஆம் நூற்றாண்டில் வந்த பெயர்: புதர்வேலியில் திரியும், பன்றிபோல மூக்கை நீட்டி உறுமும். அதற்கு முன் வழங்கிய 'அர்ச்சின்' இன்று 'சீ அர்ச்சின்' என்று ஒரு முள்ளுள்ள கடலுயிரியின் பெயராகிக் கடலுக்குள் போய்விட்டது. நேர்ப்பொருள் கடல் முள்ளெலி.

விலங்கியல்படி பார்த்தால் தமிழ்ப் பெயர்கள் இடம் மாறிக் கிடக்கின்றன. முள்ளம்பன்றிதான் எலிக்குச் சொந்தம். வாயைத் திறந்தால் தெரியும்: மேலே 2, கீழே 2 வெட்டுப்பற்கள், சாகும்வரை வளர்பவை, கொறித்துத் தேய்க்காவிட்டால் நீண்டுவிடும். முள்ளெலியோ கொறிவிலங்கே அல்ல. பூச்சிகளைக் கடிக்கும் சிறு கூர்ப்பற்கள் கொண்ட அது மூஞ்சூறுக்கு உறவு. பன்றிக்கு இரண்டுமே உறவில்லை. அது குளம்புள்ள இனம்.

வழியில் முள் கிடந்தாலே எதனுடையது என்று சொல்லிவிடலாம். கறுப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக, ஒரு சாண் நீளத்துக்கு மேலும் இருந்தால் முள்ளம்பன்றி. முள்ளெலியின் முள் சில சென்டிமீட்டர்தான். ஆபத்தில் முள்ளெலி பந்தாகச் சுருளும். முள்ளம்பன்றி சுருளாது, முதுகைக் காட்டிப் பின்னோக்கிப் பாயும். அது முள்ளை எய்வதில்லை. வேர்ப்பிடி தளர்வு என்பதால் குத்திய இடத்திலேயே முள் கழன்று நின்றுவிடும்.