160 கிலோமீட்டர் வேக ரயில் ஏன் சராசரியாக 100-இல் ஓடுகிறது?

டெல்லியையும் மீரட்டையும் இணைக்கும் 82 கிலோமீட்டர் மண்டல விரைவு ரயில் பாதை, மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. 2023 அக்டோபரில் அதன் முதல் 17 கிலோமீட்டரில் ஓடத் தொடங்கிய ‘நமோ பாரத்’ ரயில்களின் உச்ச வேகம் 160 கிலோமீட்டர். ஆயினும் இப்பாதைக்குத் திட்டமிடப்பட்ட சராசரி வேகம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர்தான். இது குறைபாடு அன்று. அடுத்தடுத்த நகரங்களை இணைக்கும் ரயிலின் பயண நேரத்தை உச்ச வேகத்தைவிட நிறுத்தங்களே அதிகம் தீர்மானிக்கின்றன.

எளிய கணக்கு ஒன்று போதும். மணிக்கு 160 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 44 மீட்டர். ஒவ்வொரு விநாடியும் ரயிலின் வேகம் விநாடிக்கு 1 மீட்டர் வீதம் கூடுவதாகக் கொண்டால், உச்ச வேகத்தை எட்ட 44 விநாடிகள் ஆகும்; அதற்குள் ரயில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டரைக் கடந்துவிடும். பிரேக் பிடித்து நிற்கவும் அதே அளவு தூரம் வேண்டும். நிலையங்கள் 5 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்து, ஒவ்வொன்றிலும் ரயில் 30 விநாடிகள் நின்றால், சராசரி வேகம் 96 கிலோமீட்டராகிறது. இடைவெளி ஒரு கிலோமீட்டராகச் சுருங்கினால், ரயில் 114 கிலோமீட்டரைத் தொட்டவுடனே பிரேக் பிடிக்க வேண்டியிருப்பதால், சராசரி 39-ஆகச் சரிந்துவிடும்.

உச்ச வேகத்தை 200-ஆக உயர்த்தினால் என்ன கிடைக்கும்? 5 கிலோமீட்டர் இடைவெளியில் மிச்சமாவது வெறும் 11 விநாடிகள். ஆனால் ரயிலின் இயக்க ஆற்றல் ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. பிரேக் பிடிக்கையில் மோட்டார்களே மின்னாக்கிகளாக மாறி அதில் ஒரு பகுதியை மீட்டுத் தந்தாலும், மீதி வெப்பமாகவே வீணாகும். ஏறக்குறைய அதே 11 விநாடிகளை, கதவுகளை அகலமாக்கி, நடைமேடையையும் பெட்டியின் தளத்தையும் ஒரே மட்டத்தில் வைத்து, நிற்கும் நேரத்தைக் குறைத்தே பெற்றுவிடலாம். விளம்பரத்தில் இடம்பிடிப்பது என்னவோ உச்ச வேகம்தான்.

வேகத்தை இன்னும் விரைவாகக் கூட்டலாமே என்றால், அதற்கும் எல்லை உண்டு. நின்றுகொண்டு பயணிப்போர் தடுமாறக் கூடாது; சக்கரங்களும் தண்டவாளத்தில் வழுக்கக் கூடாது. ஒரே எஞ்சின் முழு ரயிலையும் இழுத்தால், அதன் சில சக்கரங்களே பிடிமானம் முழுவதையும் தர வேண்டியிருக்கும். எனவேதான் இத்தகைய ரயில்களில் மோட்டார்களைப் பல பெட்டிகளின் அடியில் பரப்பி வைக்கிறார்கள்.

பாதை அமைப்போருக்குப் பெரும் தலைவலி வளைவுகள். வளைவில் பயணிகள் வெளிப்புறமாகத் தள்ளப்படுவதைக் குறைக்க வெளித் தண்டவாளத்தைச் சற்று உயர்த்துகிறார்கள். ஆனால் ரயில் அங்கே நிற்கவும் நேரலாம் என்பதால் ஓரளவுக்கு மேல் உயர்த்த முடியாது. அதன் பிறகு வேகத்தைக் கூட்ட, வளைவை அகலப்படுத்துவதே வழி. வேகம் இரு மடங்கானால் வளைவின் ஆரம் நான்கு மடங்காக வேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏறத்தாழ 300 மீட்டர் ஆரம் போதும். 160-க்கோ 1,200 மீட்டர் தேவை. நெருக்கமான நகரில் அத்தனை அகலமாகத் திரும்பும் பாதை வீடுகளின் மேல்தான் விழும். ஆகவே, சாலைகளின் மேலே பாலமாகவும் நகருக்குள் சுரங்கமாகவும் பாதை போகிறது. செலவின் பெரும்பகுதி இதற்கே ஆகிறது. வேகமாகப் பாயும் ரயில் தன் முன்னுள்ள காற்றை அழுத்தித் தள்ளுவதால், சுரங்கத்தின் விட்டமும் கூட வேண்டும்; இப்பாதையில் அது 6.5 மீட்டர்.

நிற்கவே ஒரு கிலோமீட்டர் தேவைப்படும் ரயிலில், பாதையோர விளக்கைக் கண்டு பிரேக் பிடிப்பதை நம்ப முடியாது. எவ்வளவு தூரம், எந்த வேகத்தில் செல்லலாம் என்பதை ரேடியோ அலை வழியே ஓட்டுநரின் திரைக்கு அனுப்பும் ஐரோப்பிய ரயில் கட்டுப்பாட்டு முறையை இங்கே பயன்படுத்துகிறார்கள். ஓட்டுநர் வரம்பை மீறினால் கருவியே பிரேக் போடும்.

இனி, சிறு நிறுத்தங்களில் ஏறுவோருக்கு என்ன வழி? மீரட் நகருக்குள் 13 நிலையங்கள் உள்ளன. உள்ளூர் மெட்ரோ எல்லாவற்றிலும் நிற்க, அதே தண்டவாளத்தில் ஓடும் நமோ பாரத் 4-இல் மட்டுமே நிற்கிறது. 2005-இல் திறக்கப்பட்ட ஜப்பானின் 58.3 கிலோமீட்டர் சுகுபா எக்ஸ்பிரஸ் பாதையிலும் இந்த ஏற்பாடு உண்டு. அங்கே சில நிலையங்களில் மெதுவான ரயில் பக்கத்தடத்தில் ஒதுங்கி நிற்க, விரைவு ரயில் அதை முந்திச் செல்கிறது. பக்கத்தடம் எந்த நிலையத்தில் தேவை என்பது இரு ரயில்களின் கால அட்டவணையையும் வரைந்து பார்த்தால்தான் தெரியும். எனவே முதல் தூண் ஊன்றப்படும் முன்பே அந்த அட்டவணையைத் தயாரித்தாக வேண்டும்.