அலாவுதீன் விளக்கும் ஆயில் முள்ளும்

மதுரை காளவாசல் பக்கம் ஒரு பட்டறையில் பழைய மாருதி எஸ்டீம் ஒன்று ஸ்டாண்டில் ஏறி நிற்கிறது. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்காகத் தயாராகிற வண்டி. வண்டிக்காரத் தம்பி ஆயில் அழுத்தம், தண்ணீர்ச் சூடு போன்றவற்றை முள்ளால் காட்டும் ஆறு மீட்டர்களை ஓர் அட்டைப்பெட்டியில் வாங்கி வந்திருந்தார். மெக்கானிக் அண்ணன் பெட்டியை எட்டிப் பார்த்தார். "தம்பி, கார் ஓட்டப் போறீங்களா, கடிகாரக் கடை வைக்கப் போறீங்களா?"

கேலிதான், ஆனால் கணக்கு அவர் பக்கம். மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரே நொடியில் 40 மீட்டர் தாண்டிவிடும். ஆறு முட்களில் எது சரியில்லை என்று தேடிக்கொண்டிருந்தால் அதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். கண்ணை முன்னால் வைத்துக்கொண்டே ஓட்டுகிறவருக்குப் பளிச்சென்று எரிகிற ஒரு சிவப்பு விளக்குதான் சரி.

அப்படியானால் கம்பெனி கொடுத்த ஆயில் விளக்கே போதாதா? அதுதான் இல்லை. அலாவுதீன் விளக்கு மாதிரி படம் போட்ட அந்த விளக்குக்குப் பின்னால் இருப்பது இன்ஜின் பிளாக்கில் திருகிய ஒரு சின்ன சுவிட்ச். உள்ளே ஒரு மெல்லிய சவ்வும் ஸ்பிரிங்கும். ஆயில் அழுத்தம் சவ்வைத் தள்ளினால் தொடர்பு விட்டு விளக்கு அணையும். அழுத்தம் விழுந்தால் ஸ்பிரிங் ஜெயித்து விளக்கு எரியும். சாவியைத் திருப்பியதும் எரிந்து, இன்ஜின் பிடித்ததும் அணைவது இதனால்தான். ஒயர் அறுந்திருந்தால் விளக்கு எரியவே எரியாது என்பதால், சாவி போட்டதும் அதை ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது.

சிக்கல் அந்த ஸ்பிரிங்கின் அளவில் இருக்கிறது. பெரும்பாலும் 5 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு அழுத்தம் விழுந்தால்தான் விளக்கு எரியும். ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல், ஓடும் வண்டிக்கு அது பரவாயில்லை. ஆனால் ஒவ்வொரு 1000 ஆர்பிஎம்முக்கும் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்றுகள்) சுமார் 10 பிஎஸ்ஐ வேண்டும் என்பது பட்டறைகளில் புழங்கும் தோராயக் கணக்கு. 6000-த்தில் 60 இருக்க வேண்டிய இடத்தில் 15 இருந்தாலும் அலாவுதீன் விளக்கு வாயைத் திறக்காது. இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் ஷாஃப்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவில் இருப்பது சில மைக்ரான் தடிமனுள்ள ஆயில் படலம் மட்டுமே. வேகமாக வளையும்போது சம்ப்பிலுள்ள (இன்ஜினின் அடித்தொட்டி) ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும்; உறிஞ்சும் குழாய் காற்றை இழுக்கும்; படலம் அறுந்து உலோகமும் உலோகமும் உரசும். "விளக்கு எரியுறதுக்குள்ள பேரிங் போயிரும் தம்பி," என்றார் அண்ணன்.

அதனால் 20 பிஎஸ்ஐயில் எரியும் வேறொரு சுவிட்ச் போட்டு, ஸ்டீயரிங்குக்கு நேர் மேலே பெரிய சிவப்பு விளக்கை வைத்தார்கள். சூடான ஆயிலோடு ஐடிலில் நிற்கும்போது அது எரியலாம். எரிந்துவிட்டுப் போகட்டும், பல்பு உயிரோடு இருக்கிறது என்று தெரியுமே!

டெம்பரேச்சர் முள் இன்னொரு ஏமாற்றுக்காரன். பல கார்களில் தண்ணீரின் சூடு 80 டிகிரியிலிருந்து 100 தாண்டும்வரை முள் நடுவிலேயே நிற்கும்படி கம்பெனியே செய்து வைத்திருக்கும். கொஞ்சம் ஆடினாலும் ஓட்டுகிறவர் பயந்துவிடுவார் என்றுதான். மதுரைச் சித்திரை வெயிலில் டிராபிக்கில் நிற்கும்போது அது மனசுக்கு நிம்மதி, டிராக்கில் ஆபத்து. உண்மையான எண் காட்டும் மீட்டர் வேண்டும். அதற்கும் ஒரு வரம்பு உண்டு: ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுக்கக் கொட்டிவிட்டால் சென்சார் வெறும் காற்றில் தொங்கும், முள் இறங்கினாலும் இறங்கும்.

சரி, மீட்டர் எதற்கு? வண்டியின் உடம்பைத் தெரிந்துகொள்ள. போன மாதம் இதே ஆயில், இதே சூடு, இதே ஆர்பிஎம்மில் 55 காட்டியது இன்று 45 காட்டினால், விளக்கு எரிய நாள் இருந்தாலும் சம்ப்பைக் கழற்றிப் பார்க்க நேரம் வந்துவிட்டது. எல்லாம் சரியாக இருக்கையில் முள் 12 மணி திசையில் நிற்கும்படி மீட்டரையே திருப்பிப் பொருத்துவது ரேஸ்காரர்களின் பழைய தந்திரம். படிக்க வேண்டாம், சாய்ந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பொருத்தியதும் ஆயில் முள் தாறுமாறாகக் காட்டியது. பைப்புக்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பைத் தம்பி சென்சார் மரையில் அள்ளிச் சுற்றியிருந்தார். ஒற்றை ஒயர் சென்சாருக்கு அந்த மரைதான் எர்த், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வழி; டேப் அதை மறித்துவிட்டது. அண்ணன் டேப்பை உரித்து, மரையைத் துடைத்து, மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். முள் ஒழுங்குக்கு வந்தது.

கடைசியில் டேஷ்போர்டில் ஏறியவை ஆயில் பிரஷர், தண்ணீர் டெம்பரேச்சர் இரண்டும்தான். மீதி நான்கு மீட்டர்களும் அட்டைப்பெட்டியோடு பெஞ்சுக்கு அடியில் போயின. தம்பி ஸ்டார்ட் செய்து இன்ஜினைச் சூடேற விட்டார். ஐடிலில் சிவப்பு விளக்கு எரிந்தது. லேசாக ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் அணைந்தது.