லோடு கிளம்பும் முன் போகிற விரல்கள்

கிரேன் விபத்து என்றதும் கம்பி அறுந்து லோடு தலையில் விழுவதுதான் நினைவுக்கு வரும். சேலத்தில் கை அறுவை மருத்துவராக நான் பார்க்கிற விரல்கள் பெரும்பாலும் அப்படிப் போனவை அல்ல. லோடு தரையை விட்டுக் கிளம்பும் முன்பே போனவை.

போன வருடம் வந்தவருக்கு 26 வயது. பட்டறையில் ஹெல்பர். தகட்டுக் கட்டுக்கு அடியில் லோடு தூக்கும் பெல்ட்டைக் கொடுத்துக் கிரேன் கொக்கியில் மாட்டியிருக்கிறார். பெல்ட் நழுவாமல் இருக்க இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையால் பட்டனை அழுத்தியிருக்கிறார். தொய்வாகக் கிடந்த பெல்ட் விறைத்தது. தகட்டின் விளிம்புக்கும் பெல்ட்டுக்கும் நடுவே இரண்டு விரல்கள்.

"உடனே பட்டனை விட்டுட்டேன் சார்" என்றார். விட்டிருப்பார்தான். ஆனால் பட்டனை விட்ட பிறகும் கொக்கி கொஞ்சம் ஏறித்தான் நிற்கும். விரலுக்கு அந்தக் கொஞ்சம் போதும்.

அதனால் பட்டறைக்காரர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ஒரே மூச்சில் தூக்காதீர்கள். பெல்ட் விறைக்கும் வரை மெதுவாக ஏற்றி நிறுத்துங்கள். அதுவரை பெல்ட்டைப் பிடித்தே ஆகவேண்டுமென்றால் ஒரு குச்சியால் தாங்குங்கள், விரலைச் சுற்றாதீர்கள். எல்லார் கையும் வெளியே வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு தூக்குங்கள். தொங்குகிற லோடைத் திருப்பக் கயிறு கட்டிக்கொள்ளலாம். இறக்கும்போது அடியில் கட்டை வைப்பவர் அதன் பக்கவாட்டைப் பிடிக்கட்டும். மேலும் கீழும் பிடித்தால் கட்டையோடு விரலும் மாட்டும்.

கையால் சங்கிலியை இழுத்து லோடு தூக்கும் செயின் பிளாக்கில் வேறு கதை. ஒரு கை இழுக்க, இன்னொரு கை லோடு தொங்கும் சங்கிலியில் சும்மா கிடக்கும். சங்கிலி சக்கரத்துக்குள் போகும்போது தொளதொள கையுறையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். மோதிரம் அதைவிட மோசம். மாட்டி இழுத்தால் விரலின் தோலை உறைபோல உரித்துவிடும். வெள்ளிக்குப் பேர்போன ஊர் இது, ஆசையாகப் போடுவார்கள். வேலை நேரத்தில் சட்டைப் பையில் இருக்கட்டும்.

தூக்கும் சாதனங்களை 12 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதியானவர் முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவு சொன்னது. அவசியம்தான். ஆனால் அந்த ஹெல்பரின் விரலை எடுத்தது, சோதனையில் பாஸான கிரேன்.

சரி, நடந்துவிட்டது. சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். காயத்தில் காப்பித் தூள் வேண்டாம். ஏற்காட்டுக் காப்பியே ஆனாலும் அது குடிக்கத்தான். விரல் துண்டாகியிருந்தால் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். அந்த ஹெல்பரின் ஒரு விரலை ஜூஸ் கடை ஐஸில் நேராகப் புதைத்துக் கொண்டுவந்தார்கள். திசு உறைந்துபோயிருந்தது. நசுங்கிய விரலை ஒட்டவைப்பதே கஷ்டம். ஒரு மில்லிமீட்டர் ரத்தக்குழாயை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத் தைக்க வேண்டும். அவருக்குத் தைக்க எதுவும் மிஞ்சவில்லை.

அப்புறம், வழியில் வண்டியை நிறுத்தி டீ வாங்கிக் கொடுக்காதீர்கள். பாசத்தில்தான் கொடுப்பீர்கள். வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்க மருந்து கொடுக்க நாங்கள் காத்திருக்க வேண்டிவரும்.