செரட்டோனினையா தடுக்கிறது?

சித்திக்கு மனச்சோர்வு; டாக்டர் எழுதிக் கொடுத்தது எஸ்சிடலோபிராம் மாத்திரை, 10 மி.கி. நாலு நாள் போட்டுவிட்டு நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டால் ஒரு வார இதழின் மருத்துவப் பக்கத்தை நீட்டுகிறார், "செரட்டோனின் தடுப்பான் வகை மாத்திரை" என்று போட்டிருக்கிறது. "அது குறைச்சல்னுதானே மாத்திரையே, இருக்கறதையும் தடுத்தா எப்படி?" கேள்வியில் தப்பே இல்லை. இந்தத் 'தடுப்பா'னைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அலுத்துவிட்டது.

நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களில் ஒன்று செரட்டோனின்; 1948இல் வைத்த பெயர். இரத்தச் சீரத்தில் கிடைத்தது, இரத்தக் குழாயை இறுக்குவது. சீரத்தையும் இறுக்கத்துக்கான 'டோனிக்'கையும் ஒட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

மூளையில் ஒரு நரம்பணு இதை அடுத்த அணுவுக்கு முன்னால் உள்ள சின்ன இடைவெளியில் விடும், பிறகு விட்ட அணுவே ஒரு கடத்திப் புரதம் வழியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும். பந்தியில் பரிமாறியவரே இலையிலிருந்து பாயசத்தை வழித்துக்கொண்டு போகிற மாதிரி. மாத்திரை பிடித்து நிறுத்துவது வழிக்கிற கையை, பாயசத்தை அல்ல. நடுவில் ஒரு சொல்லை விழுங்கியதும் அர்த்தம் தலைகீழாகிவிட்டது.

சரி, விழுங்கிய சொல்லுக்கு, அதாவது ஆங்கில 'ரீஅப்டேக்'குக்கு, என்ன தமிழ்? 'மறு உறிஞ்சல்' என்கிறார்கள். சிறுநீரகம் வடிகட்டிய நீரைத் திரும்ப உறிஞ்சுகிறதே, அதற்குப் பொருந்தும். அது ஆங்கிலத்தில் 'ரீஅப்சார்ப்ஷன்'. அங்கேயே இரண்டும் வேறு சொற்கள், நாம் ஏன் குழப்ப வேண்டும்? தவிர, மறுதேர்வு, மறுபதிப்பு, மறுமணம் எல்லாம் இன்னொரு தரம் நடப்பவை. (மறுகரை என்று வாதாட வராதீர்கள், அங்கே 'மறு' என்றால் 'மற்ற'.) இங்கே போனது திரும்புகிறது, அதற்கு 'மீள்' இருக்கிறது. 'மீட்பு' என்றால் அடகு நகைதான் நினைவுக்கு வரும். ஆகவே மீளெடுப்பு; மருந்து, செரட்டோனின் மீளெடுப்புத் தடுப்பி. நீளம்தான். இடமில்லையென்றால் மாத்திரை பெயரை மட்டும் போடுங்கள், பாதிச் சொல்லைப் போடாதீர்கள்.

அதே பக்கத்தில் நோய்க்குப் பெயர் 'மன அழுத்தம்'. ஆபீஸ் டென்ஷனுக்கும் அதுவே, மாதக்கணக்கில் எழுந்திருக்கவே முடியாமல் கிடப்பதற்கும் அதுவேயா? மனச்சோர்வு என்று நல்ல சொல் இருக்கிறது. மாத்திரை மீளெடுப்பைத் தடுப்பது சில மணி நேரத்தில் தொடங்கினாலும் மனம் தேற வாரக்கணக்காகும் என்பதை எழுதியிருந்தாலாவது பிரயோஜனம்.

இதழில் செருகல் குறி போட்டு 'மீளெடுப்பு' என்று எழுதிக் கொடுத்தேன். டாக்டரைப் பார்த்துவிட்டுச் சித்தி மறுபடி ஆரம்பித்திருக்கிறார், இன்று ஆறாம் நாள். வயிற்றைப் பிரட்டுகிறதாம். உடம்பின் செரட்டோனினில் பெரும்பகுதி குடலில்தானே இருக்கிறது.